கல்யாணத்துக்குள் கால் நகம் சரியாகுமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 48. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். கொழுப்புக்கும் ராத்திரி ஒரு மாத்திரை உண்டு. மூன்று வருடமாக இரண்டு கால் கட்டைவிரல் நகமும் மஞ்சளாகித் தடித்துவிட்டன. வலது நகம் ரொம்ப மோசம், அடியில் மாவு மாதிரி உதிர்கிறது. மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். அப்புறம் மாத்திரை கொடுத்தார்கள், பத்து நாள் சாப்பிட்டேன், குணமில்லை. மாமியார் சொன்னாரென்று நீலகிரித் தைலம் விட்டேன், எரிந்தது. இப்போது மருதாணி வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறேன். தை மாதம் சின்ன மகளுக்குக் கல்யாணம். அதற்குள் சரியாகுமா? மாத்திரை ஈரலைக் கெடுத்துவிடும் என்கிறார்களே? நகத்தையே பிடுங்கிவிட்டால் தீருமா? மூத்தவளின் பையன் எங்களோடுதான் இருக்கிறான், நான்கு வயது. அவனுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

கல்யாணக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தைக்குள் நகம் முழுதாகச் சரியாகாது. எந்த மருந்தாலும் ஆகாது. கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை புது நகம் வந்து சேர 12 முதல் 18 மாதம் ஆகிறது. வயது கூடினாலும், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தாலும் இன்னும் மெதுவாகும். கெட்டுப்போன நகம் திரும்ப நல்ல நகமாக மாறுவதில்லை. அடியில் புதிதாக முளைப்பது சுத்தமாக முளைக்கும், பழையது மேலே தள்ளிக்கொண்டே போய் வெட்டுப்படும். புதிதாக வருவதைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பதுதான் மருந்தின் வேலை. இந்த மாதமே வைத்தியம் தொடங்கினால், தை பிறக்கும்போது நகத்தின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தெளிந்திருக்கலாம். அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும். முப்பது நாளில் நகம் பளிச்சென்று ஆகும் என்று போனில் வருகிற விளம்பரங்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

கல்யாணத்தன்று பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. தடித்த நகத்தை டாக்டரிடம் காட்டி மெலிதாகத் தேய்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு ஒரு நாள் நகப்பூச்சு போட்டு மறுநாள் துடைத்துவிடலாம். நலங்கு மஞ்சளால் ஒன்றும் ஆகாது. மருதாணியும் நகத்தைக் கெடுக்காது, ஆனால் அது போட்டிருக்கும்வரை நகத்தின் உண்மையான நிறம் எனக்கோ வேறு டாக்டருக்கோ தெரியாது. அதனால் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

சரி, அடுத்ததுதான் முக்கியம். இது நகச்சொத்தைதானா, அதாவது நகத்தில் பூஞ்சை பிடித்ததுதானா என்று இதுவரை யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. மூன்று வருடமும் ஊகத்தில் ஓடியிருக்கிறது. தடித்து, நிறம் மாறி, உடைந்துபோகிற கால் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதிக்கு வேறு காரணம் இருக்கும். அவற்றுக்குப் பூஞ்சை மருந்தை வருடக்கணக்கில் கொடுத்தாலும் நகம் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் வேலையைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் தோட்டத்தில் போடும் ரப்பர் கம்பூட்ஸ்தான். சரிவில் கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது உடம்புப் பாரம் முழுதும் முன்னால் வரும். பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருந்தால் கால் உள்ளே வழுக்கி, ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் நுனியில் போய் இடிக்கும். சின்னதாக இருந்தால் எப்போதும் அழுத்தியபடி இருக்கும். வருடக்கணக்கில் இப்படி இடிபட்ட நகம் தடிக்கும், மஞ்சளாகும், சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். பார்த்தால் அசல் நகச்சொத்தை மாதிரியே இருக்கும். உங்களுக்கு இரண்டு காலிலும் கட்டைவிரல் மட்டும் பாதிக்கப்பட்டிருப்பதும் அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. மறுபக்கம், அடியில் மாவு மாதிரி உதிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், சர்க்கரையும் இருக்கிறது, கால் நாளெல்லாம் ஈரத்தில் ஊறுகிறது. இவை பூஞ்சைக்குச் சாதகம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இடிபட்டுத் தூக்கிக்கொண்ட நகத்துக்கு அடியில் பூஞ்சை புகுவது சுலபம்.

சொரியாசிஸ் என்ற தோல் நோயும் நகத்தை இப்படி ஆக்கும். கை நகங்களில் ஊசியால் குத்தியது போலச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா, முழங்கையிலோ தலையிலோ செதில் செதிலாக உதிர்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். நகம் கரும்பச்சையாக இருந்தால் அது பூஞ்சையில்லை, ஈரத்தில் வளரும் ஒருவகை பாக்டீரியா, அதற்கு வைத்தியமே வேறு. நகத்தில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனால் தள்ளிப்போடவே கூடாது. அரிதாக அது புற்றுநோயாக இருக்கும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற இன்னொருவருக்கு இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

பரிசோதனை பெரிய விஷயமில்லை. நகத்தின் அடியில் இருக்கும் மாவைச் சுரண்டி, கே.ஓ.எச். என்ற கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். அதே மாவைக் கல்ச்சருக்கும் வைத்து, அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்த்தால் எந்தப் பூஞ்சை என்று தெரிந்துவிடும், ஆனால் அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். நகத்தில் ஒரு துண்டை வெட்டி பி.ஏ.எஸ். சாயம் ஏற்றிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. ஒரு தடவை 'இல்லை' என்று வந்ததாலேயே இல்லையென்று ஆகிவிடாது. மேலோட்டமாகச் சுரண்டியிருந்தால் தவறிப்போகும். சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடி எடுப்பார்கள். போவதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் நகத்தில் எந்தக் க்ரீமும், தைலமும் போடாமல் இருங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டும் போகாதீர்கள், எடுக்க ஒன்றும் இருக்காது.

கூடலூர் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். அங்கே இந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லையென்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் பலர் கேரளப் பக்கம் சுல்தான் பத்தேரிக்குப் போவதும் எனக்குத் தெரியும், அதுவும் சரிதான். எங்கே போனாலும், "மருந்து தருவதற்கு முன்னால் நகத்தைச் சுரண்டிப் பார்த்துவிடலாமா?" என்று நீங்களே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். அவசரத்தில் இருக்கும் டாக்டர்கள் பார்த்த மாத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது உண்டு, நாங்களும் மனிதர்கள்தானே.

பூஞ்சைதான் என்று உறுதியானால் மாத்திரைக்கு வருவோம். ஏனென்றால் உங்களுக்கு நகம் அடிவரை கெட்டிருக்கும் போலத் தெரிகிறது, அந்த நிலையில் மேலே பூசுவது மட்டும் போதாது. கால் நகச்சொத்தையில் பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சைதான் இருக்கும். அதற்கு முதல் மருந்து டெர்பினாஃபின். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு தினம் 250 மி.கி. ஒரு மாத்திரை, 12 வாரம். கை நகத்துக்கு 6 வாரம் போதும். நீங்கள் பத்து நாள் சாப்பிட்டு விட்டதில் குணம் தெரியாதது ஆச்சரியமில்லை. அந்தப் பத்து நாளில் நகம் அரை மில்லிமீட்டர்தான் வளர்ந்திருக்கும்.

12 வாரமும் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்த அன்றைக்குக்கூட நகத்தில் கால்வாசிதான் மாறியிருக்கும். அங்கேதான் பலரும் மனம் விட்டுப்போய் டாக்டரை மாற்றுகிறார்கள். மருந்து நகத்துக்குள்ளேயே தங்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் பல மாதம் அது நகத்தில் இருந்து வேலை செய்துகொண்டிருக்கும். மாதம் ஒரு தடவை, அதே தேதியில், அதே வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் படத்தில் தெரியும். தெளிந்த பகுதிக்கும் கெட்ட பகுதிக்கும் நடுவில் இருக்கிற கோடு மேலே நகர்கிறதா என்பதுதான் கணக்கு. நகரவே இல்லையென்றால் டாக்டரிடம் திரும்பிப் போக வேண்டும்.

எல்லோருக்கும் பலிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். இந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி வாங்கக் காட்டிய ஆய்வுகளில், கால் நகத்தில் பூஞ்சை ஒழிந்தவர்கள் 70 சதவீதம். பூஞ்சையும் ஒழிந்து நகமும் முழுக்க அழகாக வந்தவர்கள் 38 சதவீதம்தான். மேலே பூசுகிற மருந்துகளின் நிலைமை இன்னும் மோசம். சிக்ளோபிராக்ஸ் லாக்கரை (நகப்பூச்சு மாதிரிப் பூசுகிற மருந்து) ஒரு வருடம் தினமும் பூசியும் முழுக் குணமானவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அமோரோல்ஃபின் லாக்கர் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை பூசுவது. நகத்தில் பாதிக்கும் குறைவாகப் பாதித்து, அடிவேர் தப்பியிருந்தால் அது மட்டும் போதும். அதற்கு மேல் போனால் மாத்திரையோடு துணைக்கு வைத்துக்கொள்ளலாம். லேசர் என்று கோயம்புத்தூரில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். செலவு அதிகம், நகம் கொஞ்சநாள் தெளிவாகத் தெரிவதைத் தாண்டி பூஞ்சையை ஒழிக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கல்யாணச் செலவு இருக்கும் வீட்டில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஈரல் பயத்துக்கு வருகிறேன். பயம் முழுக்கப் பொய்யில்லை. டெர்பினாஃபின் அரிதாகச் சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது. அதனால்தான் தொடங்குவதற்கு முன்னால் ஈரல் ரத்தப் பரிசோதனை செய்கிறோம், நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மறுபடி ஒன்று பார்க்கிறோம். ஏற்கெனவே ஈரல் நோய் இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. சர்க்கரைக்காரர் என்பதால் உங்களுக்குச் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பார்க்க வேண்டும், அது கெட்டிருந்தாலும் இந்த மாத்திரை சரிப்படாது. சாப்பிடும் நாட்களில் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் பசி செத்து ஒரே களைப்பாக இருந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நாக்கில் ருசி போய்விடுவதும் சிலருக்கு உண்டு. பெரும்பாலும் மருந்து நின்றபின் திரும்பிவிடும், ஆனால் சில வாரம் ஆகும். சாராயமும் இந்த மாத்திரையும் ஆகவே ஆகாது. உங்களுக்கு அது தேவையில்லாத அறிவுரை என்று நம்புகிறேன், உங்கள் வீட்டுக்காரருக்கும் இதே மாத்திரை எழுதும்படி ஆனால் அவரிடம் சொல்லுங்கள்.

சரியாகப் பரிசோதித்துக் கொடுக்கும் டெர்பினாஃபினைவிட எனக்குப் பயம் இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரைதான், அதுவும் கடையில் நேராகக் கேட்டு வாங்கினால். அது கொழுப்பு மாத்திரைகளோடு மோதும். அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் போன்றவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிட்டு தசைகளைக் கெடுக்கும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. ஃப்ளுகோனசோல் என்ற இன்னொன்று, கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், சரிவில் வேலை செய்கிறவருக்கு அது ஆபத்து. மூன்று மாத்திரையும் நகச்சொத்தைக்குப் பயன்படுபவைதான். ஆனால் நீங்கள் வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று பார்த்துத்தான் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். அதனால் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுக்கும் மாத்திரைகளையும் சேர்த்துத்தான். அவை இலவசமாக வருவதால் பலர் அதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை!

மருந்துக்கடை க்ரீம் இன்னும் வீட்டில் இருந்தால் குழாயின் மேல் எழுதியிருப்பதை மகளைப் படிக்கச் சொல்லுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று பொருள். மூன்று நான்கு மருந்தை ஒன்றாகக் கலந்து விற்கும் க்ரீம்களில் இது சகஜம். பூசிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது, உள்ளே பரவும். நம் நாட்டில் படர்தாமரை முன்போல மருந்துக்குக் கட்டுப்படாமல் போனதற்கு இந்த க்ரீம்களும், அரைகுறையாகச் சாப்பிட்டு விடும் மாத்திரைகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறோம். டெர்பினாஃபினுக்கே அடங்காத ஒருவகைப் பூஞ்சை இந்தியாவில் பரவியிருக்கிறது, 2020-இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயரையே வைத்தார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. அது பெரும்பாலும் உடம்புத் தோலில்தான் வருகிறது. இருந்தாலும் பத்து நாள் மாத்திரை சாப்பிட்டு விடுகிற பழக்கம் ஏன் வேண்டாம் என்பதற்கு அதுவே போதும்.

மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீலகிரித் தைலத்துக்கு ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையை அடக்கும் குணம் கொஞ்சம் உண்டு. ஆனால் தடித்த நகத்தைத் தாண்டி அது உள்ளே இறங்காது, சுற்றியுள்ள தோலைத்தான் சுடும். சர்க்கரையால் காலில் உணர்வு குறைந்தவர்களுக்கு எரிச்சல்கூடத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். உங்களுக்கு எரிந்தது ஒருவகையில் நல்ல அறிகுறி. வினிகர், எலுமிச்சை, பூண்டுச் சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அந்தத் தைலப் பாட்டிலைப் பேரனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் குடித்துவிட்டாலும் வலிப்பு வரை போகும்.

நகத்தைப் பிடுங்குவது வேண்டாம். பிடுங்கினாலும் அடிவேரிலும் சதையிலும் பூஞ்சை இருந்தால் வருகிற நகமும் அதேபோல வரும். சர்க்கரைக் காலில் அந்தப் புண் ஆறுவதும் கஷ்டம். தடிப்பைக் குறைக்க வலியில்லாத வழி இருக்கிறது. 40 சதவீத யூரியா க்ரீமை நகத்தின் மேல் மட்டும் பூசி, சுற்றியுள்ள தோலைப் பிளாஸ்திரி ஒட்டி மறைத்து, மூடிக் கட்டினால் சில நாளில் கெட்ட நகம் மெதுமெதுவென்று ஆகிவிடும், டாக்டர் சுரண்டி எடுத்துவிடுவார். வீட்டில் பிளேடை வைத்து நகம் சீவுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சர்க்கரைக்காரர்களின் கால் புண்களில் கணிசமானவை இப்படி ஒரு சின்ன வெட்டில் ஆரம்பித்தவை. நகவெட்டியால் நேராக வெட்டுங்கள், மூலைகளைக் குடைய வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை இல்லாத ஒருவர், எனக்கு வலியில்லை, அழகைப் பற்றிக் கவலையில்லை, மூன்று மாதம் மாத்திரை வேண்டாம் என்றால் நான் வற்புறுத்துவதில்லை. நகச்சொத்தை உயிருக்கு ஆபத்தான நோயல்ல. உங்கள் விஷயம் வேறு. தடித்த நகம் பூட்ஸுக்குள் சதையை அழுத்திப் புண்ணாக்கும், விரலிடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் வீங்கும். காலில் உணர்வு எப்படி இருக்கிறது, நாடி சரியாக ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பாருங்கள். சர்க்கரை ஏறியே இருந்தால் நகம் திரும்பத் திரும்பக் கெடும். விரலைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, சிவப்பு மேலே ஏறினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ வேலைக்கு லீவு போட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி பூட்ஸ். காற்றோட்டமான செருப்பு போடுங்கள், காலை ஈரமில்லாமல் வையுங்கள் என்று சமவெளி டாக்டர்கள் எழுதுவதை நீங்கள் படித்தால் சிரிப்பீர்கள். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் பந்தலூர், தேவாலாப் பக்கம் மழை விடாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. அட்டையும் பாம்பும் இருக்கிற தோட்டத்தில் செருப்போடு போகச் சொல்ல நான் தயாரில்லை. பூட்ஸ் போடத்தான் வேண்டும். அதற்குள் கால் ஊறுகிற நேரத்தைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

முடிந்தால் இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். ரப்பருக்குள் ஏறிய ஈரம் ஒரு ராத்திரியில் போகாது. சாயங்காலம் வந்ததும் உள்ளே சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணியுங்கள், படுக்கப்போகும் முன் ஒரு தடவை தாளை மாற்றுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ரப்பர் வெடித்துவிடும். அடுப்பின் வெதுவெதுப்பு எட்டுகிற தூரத்தில் கம்பில் தலைகீழாக மாட்டுவது நல்லது. வெயில் வருகிற நாளில் வெயிலில் போடுங்கள். காலையில் போடும் முன்னால் பூஞ்சைப் பவுடரை உள்ளே தூவுங்கள், குளோட்ரிமசோல் பவுடர் என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். புது ஜோடி வாங்கும்போது, வேலைக்குப் போடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். இறக்கத்தில் நின்று பாருங்கள், கட்டைவிரல் நுனியில் இடிக்கக் கூடாது. தோட்டத்தில் கொடுக்கிற ஜோடி அளவு சரியில்லையென்றால் மேஸ்திரியிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நகத்துக்குப் பூஞ்சையே இல்லையென்று பரிசோதனையில் வந்தால், இந்த அளவு மாற்றம்தான் உங்கள் வைத்தியம்.

ஒரு ஜோடி சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மதியச் சாப்பாட்டோடு எடுத்துப் போங்கள். சாப்பிட உட்காரும் நேரத்தில் ஈர சாக்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, விரலிடுக்குகளைத் துடைத்து, காய்ந்ததைப் போடுங்கள். அட்டைக்குப் பயந்து சாக்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலை முதல் மாலை வரை அவிழ்க்காமல் இருப்பீர்கள், அந்தப் பத்து நிமிட இடைவெளி காலுக்குப் பெரிய உபகாரம். மலையில் எல்லோர் வீட்டிலும் குளிக்க வெந்நீர் வைப்பதுதானே, அதில் கை பொறுக்காத சூட்டில் இருக்கும் தண்ணீரை எடுத்துச் சாக்ஸை ஊறவைத்துத் துவையுங்கள். வெறும் பச்சைத் தண்ணீரில் அலசினால் பூஞ்சையின் வித்துகள் சாகாது. ஆனால் அந்தச் சூட்டில் உங்கள் காலை வைத்துவிடாதீர்கள். கால் கழுவும் நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

நகத்துக்குப் பூஞ்சை வருவது பெரும்பாலும் தோலிலிருந்துதான். நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு நடுவில் வெள்ளையாக ஊறிப்போய் அரிக்கும் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்காலும் குதிகாலும் மாவு பூசியது போல வெளிறி, வரிகளில் வெள்ளையாகத் தெரிகிறதா? நிறையப் பேர் அதைப் பித்தவெடிப்பு என்று நினைத்து வெறும் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள், அதுவும் பூஞ்சையாக இருக்கலாம். டாக்டரிடம் நகத்தோடு உள்ளங்காலையும் காட்டுங்கள். தோலில் அதை விட்டுவைத்தால் நகம் தெளிந்த பிறகும் அங்கிருந்து திரும்ப ஏறும். மெட்டிக்கு அடியிலும் பாருங்கள். ஈரமும் சோப்பும் தங்குகிற இடம் அது, வருடக்கணக்கில் கழற்றாமல் இருப்போம். குளிக்கும்போது நகர்த்திக் கழுவி, துணியை உள்ளே விட்டுத் துடைத்தால் போதும். விரல் வீங்கி மெட்டி நகராமல் இறுகியிருந்தால் மட்டும் தட்டானிடம் சொல்லித் தளர்த்திக்கொள்ளுங்கள், சர்க்கரைக் காலில் அது சதையில் அமிழ விடக் கூடாது.

பேரனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு நகம் வேகமாக வளர்வதால் பூஞ்சை தங்குவது குறைவு. அவனைத் தூக்கலாம், கூடப் படுக்க வைக்கலாம். நகவெட்டி, கால் துடைக்கும் துண்டு, செருப்பு இவை மட்டும் உங்களுக்குத் தனியாக இருக்கட்டும். குளியலறைத் தரையைத் தேய்த்துக் கழுவி உலர விடுங்கள். கால் துடைத்த துண்டால் உடம்பைத் துடைக்காதீர்கள், தொடையிடுக்கில் படர்தாமரை வருவது அந்த வழியில்தான்.

நகம் தெளிந்த பிறகும் பவுடரையும் சாக்ஸ் மாற்றுவதையும் விடாதீர்கள், குறிப்பாக மழை மாதங்களில். குணமானவர்களில் நிறையப் பேருக்கு இரண்டு மூன்று வருடத்துக்குள் திரும்ப வருகிறது. அப்படி வந்தால் நகத்தின் ஓரத்தில் சின்னதாக மஞ்சள் தெரியும்போதே காட்டுங்கள், அந்த நிலையில் லாக்கரோடு முடிந்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரரும் பூட்ஸ் போட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் அவர் காலையும் பார்க்க வேண்டும். அவருக்குச் சேற்றுப்புண் இருந்து அதை அவர் பொருட்படுத்தாமல் இருந்தால், உங்கள் மூன்று மாத மாத்திரை வீண். ஆண்கள் இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். சர்க்கரை பார்க்கப் போகலாம் என்று சொல்லியாவது உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள்.